எங்கும் போக முடியாதவர்கள் தேவை

செல்வராசு மேஜையை ஓங்கித் தட்டினான். நான் டீ கிளாஸைக் காப்பாற்றிக்கொண்டு நாற்காலியை வாசல் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். பள்ளிக்கூட நாட்களில் அவன் மேஜையைத் தட்டினால், அடுத்து தட்டப்படுவது பெரும்பாலும் என் முதுகாகத்தான் இருக்கும்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"குறிச்ச நாள்ல ஆபீஸருங்க வந்து அந்தப் பொண்ணு இருக்குதான்னு எண்ணிப் பாக்கறாங்களா?"

"ஆமா. முகாம்ல இருக்கிற எல்லாரையும்தான். செக்கிங்னு சொல்லுவாங்க. நேர்ல போய் நிக்கணும்."

"நிக்கலன்னா?"

"எங்க போனன்னு விசாரணை வரும். பதிவுல பேர் தங்குறது கஷ்டம்."

செல்வராசு தட்டிய கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை. அவனுடைய ஜவ்வரிசி ஆலையின் அந்தச் சின்ன ஆபீஸ் அறையில், ஊறிய கிழங்கு மாவின் புளித்த வாடை எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. வெளியே கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய லாரி ஒன்று குச்சிக்கிழங்கைக் கொட்டிக்கொண்டிருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் தர்ஷினிக்கு வர இருந்த வேலையை அவள் வருவதற்கு முன்பே நான் வந்து என் வாயால் கெடுத்துவிட்டேன். இதற்குத்தான் என்னைப் பேச்சில் வல்லவன் என்கிறார்கள்.

ஏணி மேலிருந்து ஒரு கோரிக்கை

நான் ஏன் ஒரு கிழங்கு ஆலையில் போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க யோகராசா என்பவர் வந்தார். ஊருக்கு வெளியே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். கள்ளக்குறிச்சியில் எந்தச் சுவர் பளபளத்தாலும் அதற்குப் பின்னால் முகாம் ஆள் ஒருவர் இருப்பார். அவர்கள் ஏன் எல்லோரும் பெயின்ட் வேலைக்கே வருகிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. நாடிழந்தவர்களைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்ட நாவல்களைத் தேடித் தேடிப் படித்துத் தலையணையை நனைத்தவன் நான். முகாம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டைக் கைகாட்டியிருப்பேன்.

யோகராசா ஏணியில் நின்று பிரஷ் ஓட்டிக்கொண்டே என் அலமாரியைப் பார்த்தார்.

"சேர், இவ்வளவு புத்தகமும் நீங்கள் வாசிச்சதோ?"

"பாதி" என்றேன். அதில் பாதி உண்மை.

"என்ர மூத்தவள் எம்.காம் முடிச்சிட்டாள் சேர். கம்ப்யூட்டரில கணக்கு எழுதவும் படிச்சவள். ரெண்டு இடத்துக்கு இன்டர்வியூவுக்குப் போய் அழுதுகொண்டு வந்தவள். நீங்கள் காலேஜில இங்கிலிஷ் படிப்பிக்கிற ஆள். ஒருக்கா அவளுக்குக் கதைக்கப் பழக்கி விடுங்கோவன்."

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பதாகச் சம்பளம் வாங்குகிறேன் என்பது சரி. இன்டர்வியூ விஷயத்தில் என் தகுதி வேறு. வாழ்நாளில் நான் போனது ஒரே ஒரு இன்டர்வியூ. மழை பெய்ததால் வேறு யாரும் வரவில்லை. தேர்வானேன்.

"இங்கிலீஷ் எனக்குத் தெரியும் சார்"

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் தர்ஷினி வந்தாள். பாதிச் சுவர் பழைய மஞ்சளாகவும் பாதி புதிய வெள்ளையாகவும் இருந்த கூடத்தில், நான் கால்மேல் கால் போட்டு அதிகாரியாக உட்கார்ந்தேன். உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சொன்னாள். திருத்த ஒன்றுமில்லை. ஆனாலும் வாத்தியார் என்பதால் இரண்டு இடத்தில் திருத்தினேன்.

பிறகு ஊர் வழக்கப்படி, "எந்த ஊரும்மா நீ?" என்றேன்.

அங்கேதான் தடுக்கினாள்.

"இதுக்குத்தான் சார் வந்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியும்."

என்னிடம் பேசுகையில் அவள் பேச்சு சுத்தமான கள்ளக்குறிச்சிப் பேச்சு. அப்பா மன்னாரிலிருந்து சிறுபிள்ளையாகப் படகில் வந்தவர். இவள் பிறந்தது இங்கே, பெரியாஸ்பத்திரியில். நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே கட்டிலாகக்கூட இருக்கலாம். அதில் பிறந்து நான் உள்ளூர்க்காரன் ஆனேன். அவள் அகதி ஆனாள். இதைக் கேட்டபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்போது தெரியாது, இது வெறும் தொடக்கம் என்று.

எங்கள் பக்கத்தில் 'எந்த ஊரு, யாரு வூடு' என்ற இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் தண்ணீர்ச் சொம்பே வரும். தர்ஷினி இன்டர்வியூவுக்குப் போன ஓரிடத்தில் முகாம் என்று சொன்னாள். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யார் மூலமாக, எந்த யுகத்தில் என்று சொல்லவில்லை. இன்னோரிடத்தில், "உன்ன வேலைக்கு வச்சா எங்களுக்கு எதுனா கேஸு வருமாம்மா?" என்று அன்பாகவே கேட்டார்களாம்.

"அப்புறம் ஒண்ணு சார். செக்கிங் அன்னிக்கு நான் வேலைக்கு மத்தியானம்தான் வர முடியும். காலையில பேர் கூப்புடுவாங்க. நின்னு கையெழுத்துப் போடணும்."

"எத்தன வருஷமா இது?"

"பொறந்ததுல இருந்து. குழந்தையில அம்மா தூக்கிக் காட்டுவாங்களாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கால்மேல் போட்டிருந்த கால் தானாக இறங்கிவிட்டது.

"வேல கெடைக்கலன்னா இன்னா செய்வ?" என்றேன்.

"எனக்கு எதுனா துணிக்கடையில நிக்கற வேல கெடைக்கும் சார். அது இல்ல விஷயம். எங்க முகாம்ல எம்.காம் வரைக்கும் போனது நான் ஒருத்திதான். புள்ளைய பத்தாவதோட நிறுத்தி பெயின்ட் டப்பாவக் குடுக்கறதா, மேல படிக்க வெக்கறதான்னு யோசிக்கற அம்மாங்க எல்லாம் எங்க வூட்டு வாசலத்தான் பாக்கறாங்க. நான் காலையில பையோட கெளம்பறனா, இல்ல வாசல் கூட்டிக்கினு இருக்கறனான்னு. என்னப் பாத்தே ரெண்டு பேரு காலேஜ் சேராம நின்னுட்டாங்க."

நான் அலமாரியைப் பார்த்தேன். "கவலைப்படாத. எனக்கு ஒரு பழைய சிநேகிதன் இருக்கான். நான் முன்னாடி போய்ப் பேசி வைக்கிறேன்" என்றேன்.

எலவனாசூர்கோட்டையில் சிக்கினேன்

செல்வராசுவுக்குக் கணக்கெழுத ஆள் தேவை என்பது தெரியும். முகாம் என்பதைப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நம்பினேன். அகதி வாழ்க்கை பற்றி நெஞ்சை உருக்கும் நான்கு வாக்கியங்களை வண்டியில் வரும்போதே தயாரித்தேன். செக்கிங் விஷயத்தை மட்டும் மறைப்பது என்று முடிவு செய்தேன். போலீஸ், ஆபீஸர் என்றாலே ஆலைக்காரர்கள் ஆடிப்போவார்கள். கண்டிஷன் ஜாமீனில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதுபோல அவனுக்குத் தோன்றிவிட்டால்?

ஆகவே ஒரு பொய் கட்டினேன்.

"பொண்ணு தங்கமான பொண்ணு செல்வராசு. ஒண்ணே ஒண்ணு, ஒரு வேண்டுதல். மாசத்துல ஒண்ணு ரெண்டு நாளு காலையில கோயிலுக்குப் போயிட்டு மத்தியானம்தான் வரும்."

"எந்தக் கோயிலு?"

பொய் சொல்பவன் ஊர் பேரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நான் தயாரித்த நான்கு வாக்கியங்களில் அது இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எலவனாசூர்கோட்டை."

"யோவ், அது என் மாமியாரு ஊருய்யா! மாசா மாசம் நான் போறேன். எந்தக் கிழம வருது அந்தப் பொண்ணு? எந்தச் சன்னதி? பஸ்ஸுல எதுக்கு அல்லாடணும், என் கார்லயே கூட்டிக்கினு போறேன்."

அதன் பிறகு நான் சன்னதிகளைக் குழப்பினேன். கிழமைகளைக் குழப்பினேன். கடைசியில் அங்கே இல்லாத ஒரு தெப்பக்குளத்தை வெட்டினேன். செல்வராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாத்தியாரே. நீ எட்டாவதுலயே பொய் சொல்லத் தெரியாம அடி வாங்குனவன். இன்னா விஷயம்?"

உண்மையைக் கொட்டினேன். அப்போதுதான் அவன் மேஜையைத் தட்டினான்.

"இது எங்க போயிடப் போவுது?"

தட்டிய கையை எடுத்து என் தோளில் வைத்தான். முகம் மலர்ந்திருந்தது. பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் முகம்.

"அடப்பாவி! இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?"

எனக்குப் புரியவில்லை.

"கணக்கெழுத வர்றவன் எவன்யா இங்க நிக்கறான்? தொழிலு கத்துக்கறான், தீபாவளிக்குத் துணி எடுத்துக்கறான், மெட்ராஸுக்கு ஓடிப் போயிடறான். போன தடவ ஒருத்தன் சோத்து டப்பாவக்கூட எடுத்துக்கினு போவல, இன்னும் அங்க கீது பாரு. இந்தப் பொண்ணு எங்க போயிடப் போவுது? பாஸ்போர்ட்டு கெடையாது, வேற ஊருக்குப் போனாலும் செக்கிங்குக்குத் திரும்பி வரணும். கவர்மென்ட்டே நமக்குக் காவலு. இன்டர்வியூலாம் வேணாம். திங்கக்கெழம வந்து சேரச் சொல்லு."

"செல்வராசு…"

"இந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேரு கெடைப்பாங்களா?"

நான் வாக்குவாதத்துக்குத் தயாராக வந்தவன். மனிதகுலம், வரலாறு, கடல் கடந்த துயரம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றையும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. நான் எதை மறைக்க நினைத்தேனோ, அதுவே அவளுடைய எம்.காமைவிடப் பெரிய பட்டமாகிவிட்டது. டீ ஆறி ஆடை படிந்திருந்தது. குடித்தேன். என்ன குடிக்கிறேன் என்று தெரியவில்லை.

அவன் கெட்டவனா என்றால் இல்லை. ஆலையில் கை நசுங்கிய ஆளுக்கு இன்றுவரை சோறு போடுகிறான். அதுதான் என்னை மேலும் கலக்கியது. கெட்டவன் சொல்லியிருந்தால் இலக்கியத்தில் படித்தது என்று வைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

வீட்டிலும் அதே குரல்

வீட்டுக்கு வந்து மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வேல கெடச்சுதா இல்லியா?"

"கெடச்சுது. ஆனா எதுக்குக் கெடச்சுதுன்னு பாரு! ஓடிப்போக முடியாதுங்கிறதுக்காகக் கெடச்சிருக்கு!"

"செல்வராசு அண்ணன் சரியாத்தான சொல்றாரு."

நான் பதறினேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாங்க இப்பிடி முழிக்கறீங்க? களமருதூர் கல்யாணத்துக்குப் போனப்ப யோகராசா கையில வூட்டுச் சாவியக் குடுத்துட்டுத்தான போனோம்? நகையெல்லாம் பீரோவுலதான் இருந்துச்சு. வேற ஆளா இருந்தா குடுத்திருப்பனா? அவங்க எங்க போயிடப் போறாங்க?"

வாசகர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அந்தச் சாவியைப் பற்றி இதே பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் எழுதினேன். முன்பின் தெரியாத மனிதரிடம் வீட்டையே ஒப்படைத்துவிட்டுப் போன என் விசால மனதைப் பாராட்டிப் பலர் எழுதினீர்கள். சிவகங்கையிலிருந்து ஒருவர் கண் கலங்கியதாகவும் எழுதியிருந்தார். பாராட்டைத் திருப்பி அனுப்ப இந்தப் பத்திரிகையில் வழி இருக்கிறதா என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

ஊர் முழுக்க ஏன் பெயின்ட் வேலைக்கு முகாம் ஆட்களையே கூப்பிடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கீரை உருவுகிற எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம் அது.

பிளேன்டீயும் என் பிரசங்கமும்

மறுநாள் மாலை முகாமுக்குப் போனேன். இந்த வேலை வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போனேன்.

வரிசையாக வீடுகள். சில புதுக் காங்கிரீட், சில பழைய ஓடு. ஊருக்கே வர்ணம் அடிப்பவர்களின் வீடுகளில் பாதிக்கு வர்ணமில்லை. நீல டிரம்மின் மேல் ஒரு கோழி உட்கார்ந்து என்னை விசாரித்தது. யோகராசா இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார். தொண்டை எரிந்தது. பேசுவதற்கு வசதியாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். பிறகு பிரசங்கம் செய்தேன். சுயமரியாதை என்றேன். மனிதரை மாடுபோலப் பார்க்கிறான் என்றேன். இப்படி ஒரு வேலையை உதறித் தள்ள வேண்டும் என்றேன். நாளை காலை சம்பளத்தோடு கல்லூரிக்குப் போகப்போகிறவன் நான் என்பதை அங்கிருந்த யாரும் சுட்டிக்காட்டவில்லை. நல்ல மனிதர்கள்.

யோகராசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சேருக்கு இப்பதானோ தெரியும்? எங்களை வீட்டுக்குள்ள விடுறதே அதாலதான். மேஸ்திரிமார் வீட்டுக்காரரிட்ட அதைச் சொல்லித்தான் வேலை பிடிக்கிறது. 'முகாம் ஆக்கள், பயப்பட வேண்டாம்' எண்டு."

"உங்களுக்குக் கோவம் வராதா?"

"வரும் சேர். வேலை முடிஞ்சு வந்தாப் பிறகு வரும்."

தர்ஷினி சிரிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சார், செக்கிங்னு கேட்டதும் வேணாம்னு சொல்லலியா அவரு?"

"துள்ளிக் குதிச்சான்மா."

"இதுவரைக்கும் அதக் கேட்டு எல்லாரும் பயந்தாங்க. ஆசப்பட்டது இவர் ஒருத்தர்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேற எதுனா கேட்டாரா?"

"ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வரணுமாம். வேலைல சேர்ற எல்லாருதும் அவன் பீரோவுல வச்சிக்குவான். அது இங்க பல இடத்துல வழக்கம்தான்."

"ஓ" என்றாள். பிறகு, "திங்கக்கெழம நீங்களும் வாங்க சார்" என்றாள்.

திங்கட்கிழமை

அவளை அழைத்துப்போக நான் முகாம் வாசலுக்குப் போனபோது, ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண் நின்றிருந்தாள். தர்ஷினி தோளில் ஒரு கைப்பை, கையில் சர்டிபிகேட் வைத்த ஒரு பிளாஸ்டிக் பைலுடன் அவர்களைக் கடந்து வந்தாள். அவ்வளவு கண்கள் என் முதுகில் பட்டு நான் ஒருபோதும் வண்டி ஓட்டியதில்லை. முதல் கியரிலேயே ரொம்ப தூரம் போனேன்.

செல்வராசு அவளைப் பார்த்ததும் எழுந்தேவிட்டான். "வாம்மா, வா. ஒக்காரு. சர்டிபிகேட்ட இப்பிடி வையி, பீரோவுல வச்சிடறேன்."

அவள் உட்கார்ந்தாள். பைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? எல்லாருமே குடுப்பாங்கம்மா. பாதியில ஓடிடக் கூடாதுல்ல?"

"நான் எங்கியும் ஓட முடியாதுன்னு தெரிஞ்சுதானங்க என்ன எடுத்தீங்க?"

செல்வராசு என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"ஒரு ஆட்டுக்கு எதுக்குங்க ரெண்டு கயிறு?" என்றாள் தர்ஷினி.

குரலில் கோபமில்லை, குத்தலில்லை. கடையில் பை கேட்பதுபோலக் கேட்டாள். நான் இரண்டு நாளாகத் தொண்டை எரியப் பேசியதை, அவள் தன்னையே ஆடு என்று சொல்லி அவன் மேஜையில் எடுத்து வைத்துவிட்டாள்.

செல்வராசுவின் முகம் சிவந்தது. வெட்கமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. "ஆடு கீடுன்னுலாம் நான் சொல்லலம்மா" என்று முனகினான்.

"செக்கிங் அன்னிக்கு அரை நாள் லீவு போட்டா சம்பளம் புடிக்கக் கூடாதுங்க. உங்களுக்கும் சேத்துத்தான அங்க போயி நிக்கறேன்?"

ஆலையில் அவனை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. அவன் கணக்கையே எடுத்து அவனுக்குக் கூட்டிக் காட்டியவர்கள் இல்லை.

"சரி" என்றான். பிறகு, தோற்றவன் போலவும் நல்ல சரக்கு வாங்கியவன் போலவும் என்னிடம் திரும்பி, "இன்னாய்யா இது, சாதுன்னு சொன்ன?" என்றான். நான் அப்படி எதுவும் சொன்னதில்லை. ஓட முடியாது என்றுதான் சொன்னேன். அதிலிருந்து சாது என்பதை அவனாக எடுத்துக்கொண்டான். நானும்தான்.

வண்டி வரை என்னுடன் வந்தாள். வெளியே களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளையில் கண் கூசியது.

"ஏம்மா அந்த வார்த்தை? ஆடுன்னு?"

இத்தனை நாள் என்னிடம் எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசியவள், முதல் தடவையாகத் தன் வீட்டுத் தமிழில் பேசினாள்.

"கயிறு ஒருநாள் அவிழும் சேர். எப்ப எண்டு தெரியாது. குடியுரிமை குடுப்பினமோ, வேற என்னவோ. அவிழ்ற அண்டைக்கு நான் ஓட வேணும். அப்ப இந்தாளிட்ட வந்து, சர்டிபிகேட்டைத் தாங்கோ எண்டு கெஞ்சிக்கொண்டு நிக்க ஏலாது."

நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

"கணக்கும்மா!" என்று உள்ளேயிருந்து செல்வராசு கூப்பிட்டான்.

"தோ வந்துட்டங்க!" என்று எங்கள் ஊர்க் குரலில் பதில் கொடுத்துவிட்டு, பைலை என் கையில் வைத்தாள். "அப்பாட்டக் குடுத்துவிடுங்கோ சேர். நனையாமல்."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இருந்தாலும் சட்டைப் பட்டனைக் கழற்றி, பைலை உள்ளே செருகிக்கொண்டு, கடத்தல் சரக்கை ஏற்றியவன் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.